செத்தாத்தான் சாமி

மருமவனே, ராத்திரி ரெண்டு மணிக்கு எவனாச்சும் மாமனுக்குப் போன் போடுவானா? சாவுச் சேதியோன்னு உங்க அத்தை எந்திரிச்சு, தலையை அள்ளிமுடிஞ்சு, அழுறதுக்கே தயாராயிட்டா. வெவரம் கேட்டா, தொரை கவிதைப் புஸ்தகம் படிச்சாராம், தூக்கம் வரலையாம். 'நம்ம சமுதாயத்துக்கு விமோசனமே கெடயாதா மாமா'ன்னு கேள்வி வேற. அந்நேரத்துல நான் என்னத்தச் சொல்ல? போன்ல சார்ஜு இல்லேன்னு வச்சிட்டேன். இப்பத்தான் கோயில் கொடைக்குன்னு ஊருக்கு வந்து எறங்கிட்டியே. வெயிலும் தாழ்ந்திருச்சு. அந்த வெத்தலைப் பெட்டியை இங்கிட்டுத் தள்ளிட்டு உக்காரு.

மொதல்ல ஒண்ணு சொல்லிருதேன். தப்பு ஒன்மேலதான். புஸ்தகக் கண்காட்சிக்குப் போனவன், ஊர்ல எல்லாரும் செய்யுற காரியமா, 'பொன்னியின் செல்வன்' அஞ்சு பாகத்தையும் கட்டா வாங்கிட்டு வந்து டீவி ஸ்டாண்டுல அடுக்கியிருந்தா ஒரு வம்பும் இல்ல. வந்தவன் போனவன் எல்லாம் பாத்துட்டு, 'தம்பி நல்லாப் படிப்பாரு போல'ன்னு சொல்லிட்டுப் போயிருப்பான். நீ என்னடான்னா, ஒல்லி ஒல்லியாப் பாத்து நாலு வாங்கியிருக்க. வெலை கம்மியா இருக்கேன்னு நெனச்சிருப்ப. ஒல்லிப் புஸ்தகத்துலதான்யா வினை இருக்கு. தடிப் புஸ்தகம் நம்ம தூக்கத்துக்கு ஒத்தாசை பண்ணும்.

சரி, வாங்கியாச்சு. அடிபடாமப் படிக்கவாவது தெரிய வேண்டாமா? அதுக்கு நாட்டுல நெறைய வழி வச்சிருக்காக. முன்னுரையை மட்டும் படிக்கணும். கவிதை எட்டு வரின்னா முன்னுரை பதினாறு பக்கம் இருக்கும். கட்டுடைப்பு, விளிம்புநிலை, பின்நவீனத்துவம்னு வரிசையா வரும். மூணாம் பக்கத்துலயே கண்ணு சொக்கிரும். கவிதை வரைக்கும் போக வேண்டியதே இல்ல. அப்படியும் மனசு கேக்கலேன்னா வெளியீட்டு விழாவுக்குப் போகலாம். மேடையில அஞ்சு பேரு பேசுவாக. அதுல மூணு பேரு, 'இன்னும் முழுசா வாசிக்க வாய்க்கலை'ன்னு ஒத்துக்கிட்டுத்தான் ஆரம்பிப்பாக. அவுகதான் ரொம்ப நேரம் பேசுவாக. பொன்னாடை, போட்டோ, டீ, ரெண்டு பிஸ்கட்டு. வீட்டுக்கு வந்து படுத்தா அம்சமாத் தூக்கம் வரும்.

இன்னும் கெட்டிக்காரங்க ஒரு வழி வச்சிருக்காக. 'கருத்தெல்லாம் சரிதான், அழகியல்தான் கொஞ்சம் குறைவு'ன்னு சொல்லணும். ஒருத்தன், எங்க அப்பனை மரத்துல கட்டிவச்சு அடிச்சாகன்னு எழுதியிருப்பான். இவரு, மூணாவது வரியில ஒரு சொல் உபரியா நிக்குதும்பாரு. அடிச்சவனைப் பத்தி அதுக்கப்புறம் பேச்சே எழும்பாது. நம்ம ஊர்க்காரங்களுக்குன்னே ஆன வழி வேற: 'இப்பல்லாம் யாருப்பா சாதி பாக்கிறா?' இதைச் சொல்லும்போது மட்டும் குரலைக் கொஞ்சம் தணிச்சுக்கணும். தொழுவத்துல சாணி அள்ளுறவரு காதுல விழுந்துரும்.

என்ன சிரிக்க? இந்தக் கெழவனுக்கு எப்படி இம்புட்டும் தெரியும்னுதான? நான் இந்த ஊரு பிராஞ்ச் போஸ்ட்மாஸ்டரா இருந்தவன்ல. அப்பல்லாம் புக்-போஸ்டுல வர்ற பத்திரிகையை ஒட்ட மாட்டாக, சும்மா சுத்தித்தான் அனுப்புவாக. நம்ம வாத்தியார் ஒருத்தரு நாலஞ்சு சிறுபத்திரிகைக்குச் சந்தா கட்டியிருந்தாரு. அவரு கைக்குப் போறதுக்கு முந்தி எல்லாம் என் கண்ணு வழியாத்தான் போகும். நெதானமாப் படிக்கிறவன் நான். மாச இதழ் அவருக்கு மறுமாசம்தான் கெடைக்கும். 'தபால் ரொம்ப மோசமாப் போச்சுய்யா'ம்பாரு. 'ஆமா சார்'னு நானும் சேந்துக்குவேன்.

அப்படித்தான் பாத்துக்கிட்டே வந்தேன். 1959ல சி.சு. செல்லப்பா 'எழுத்து' பத்திரிகையை ஆரம்பிச்சாரு. அதுல புதுக்கவிதை காலூனிச்சு. பண்டிதருங்களுக்கெல்லாம் அப்ப என்ன ஆத்திரம்னு நெனைக்க? எதுகை போச்சே, மோனை போச்சே, யாப்பை அவுத்து விட்டுட்டானேன்னுதான். பாவம், பின்னால என்ன வரப்போவுதுன்னு அவுகளுக்குத் தெரியல. எதுகை போனது ஒரு துக்கமான்னு அவுகளே சொல்லுற காலம் வந்துச்சு. 90கள்ல தலித் எழுத்து வந்துச்சு. 2000 தொட்டு பொம்பளைப் பிள்ளைக ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா எழுத ஆரம்பிச்சாக. அங்கனதான் சனங்களுக்கு வயித்தக் கலக்கிருச்சு.

அதுல ஒரு கூத்தைக் கேளு. கண்ணகி என்ன பண்ணினா? மார்பைத் திருகி எறிஞ்சு மதுரையை எரிச்சா. ஊரைக் கொளுத்தினவளுக்குத்தான் நாம 1968ல மெரினாவுல செலை வச்சோம். 2001 டிசம்பர்ல அந்தச் செலையை எடுத்தாக. நாடே கொதிச்சுப்போச்சு, தமிழச்சிக்கு அவமானம்னு. அடுத்த வருசமே, 2002ல, பாளையங்கோட்டையில சித்த வைத்தியம் படிச்ச பொண்ணு, குட்டி ரேவதி, 'முலைகள்'னு ஒரு கவிதைத் தொகுப்பு போட்டுச்சு. அன்னைக்குக் கண்ணகிக்காகக் கொதிச்சவுகளே இப்ப இந்தப் பிள்ளை மேல கொதிச்சாக. இந்தப் பொம்பளைகளையெல்லாம் தெருவுல நிறுத்தணும், கொளுத்தணும்னு பேசினவுகளும் உண்டு. செலையை 2006ல பழையபடி வச்சாச்சு. வெண்கலத்துல இருந்தா பொம்பளை எம்புட்டு ஆவேசமாவும் இருக்கலாம், நமக்கு ஆட்சேபணை இல்ல. சதையும் ரத்தமுமா வந்து, அதைப் பத்தி நானே எழுதுதேன்னு சொன்னாத்தான் பொறுக்கல.

ஒன் கையில இருக்கே ரெண்டாவது புஸ்தகம், சல்மா, அதை எடு. துவரங்குறிச்சிக்காரி. வயசுக்கு வந்ததோட பள்ளிக்கூடம் நின்னுபோச்சு. வீட்டுக்குள்ளயே இருந்து, ராத்திரி எல்லாரும் தூங்கின பெறகு கக்கூசுக்குள்ள போயி நின்னுக்கிட்டு எழுதியிருக்கு. சும்மா படிச்சிட்டுத் தாண்டிப் போயிராத, கொஞ்சம் நெனச்சுப் பாரு. ஒரு வீட்டுல பொம்பளைக்கு உள்தாழ்ப்பாள் போட உரிமையுள்ள எடம் அது ஒண்ணுதான். எழுதின தாளை மறைச்சு வைக்கணும். அதை அவுக அம்மா மறைச்சு எடுத்துட்டுப் போயி வெளிய அனுப்பணும். வீட்டுல கூப்பிடுற பேரு வேற, கவிதையில பேரு வேற. 2000த்துல 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்' புஸ்தகமா வந்துச்சு. எழுதுறது யாருன்னு ஊருக்குத் தெரியாது. தபால்காரனா இருந்த எனக்கு இதுல ஒரு கர்வம் உண்டு பாத்துக்கோ. ஒரு ஸ்டாம்பை ஒட்டிட்டா, வாசப்படி தாண்டக் கூடாத பொம்பளையோட சத்தமும் நாகர்கோவில் வரை போயிரும். கடுதாசிக்கு முக்காடு போட எவனாலயும் முடியல.

இதுல விமோசனம் எங்கேன்னு நீ தேடுவ. ஒனக்குப் புடிக்காத எடத்துலேர்ந்துதான் வந்துச்சு. 2001ல பஞ்சாயத்துத் தலைவர் பதவி அங்க பொம்பளைகளுக்குன்னு ஒதுக்கீடு ஆச்சு. வீட்டு ஆம்பளை நிக்க முடியாது, வீட்டுப் பொம்பளையை நிறுத்தினாக. செவத்துல பேரு எழுதணும், மேடையில முகம் காட்டணும். அப்படித்தான் மறைஞ்சிருந்த கவிஞர் வெளிய வந்தாக. கவிதை செய்ய முடியாததை ஒரு சர்க்கார் ரிசர்வேஷன் செஞ்சுது. ஆனா கவிதை எழுதாம இருந்திருந்தா, வாசலைத் தாண்டினதும் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரிஞ்சிருக்கும். இப்ப 2025ல ராஜ்யசபாவுக்கே போயாச்சு. இதைக் கேட்டதும் ஒன் மூஞ்சி மலருது பாரு. அதுக்குத்தான் இந்தக் கதையை மொதல்ல சொன்னேன். இனிமே வர்றதெல்லாம் இம்புட்டு சவுகரியமா இருக்காது.

நம்ம ஊருக் கொடையையே எடுத்துக்கோ. நாளைக்கு ராத்திரி வில்லுப்பாட்டு. வில்லு வைக்கிற புலவரு வீசுகோலைத் தட்டி, குடம் முழங்க, பட்டவராயன் கதை பாடுவாரு. நீ சின்ன வயசுல எங்க மடியில தூங்கிக்கிட்டே கேட்டதுதான். முத்துப்பட்டன்னு ஒரு பிராமணப் பையன். பொம்மக்கா, திம்மக்கான்னு அக்கா தங்கச்சி ரெண்டு பேரு மேல ஆசைப்படுதான். அவுக அப்பன் வாலப்பகடை, தோல் வேலை செய்யுறவரு. பூணூலைக் கழட்டிப்போட்டு, செருப்புத் தைக்கப் பழகிட்டு வா, பொண்ணு தாரேன்னுட்டாரு. இவனும் அப்படியே செஞ்சான். கட்டினான். பிறகு மாடு களவாட வந்தவன்களோட சண்டை போட்டுச் செத்தான். பொண்டாட்டிமாரும் கூடவே போயிட்டாக. அந்த எடம் வரும்போது வில்லு துரிசமாகும், சாமியாடிக்கு அருள் வரும், உங்க ஆச்சி முந்தானையை வாயில பொத்திக்கிட்டு அழுவா.

யோசிச்சுப் பாத்தியா? சாதி மாறிக் கட்டினவன் கதைக்கு அழுதோம். விடிய விடிய அழுதுட்டு, காலையில கெடா வெட்டிச் சாப்பிட்டோம். அதே வருசம் மேலத்தெருவுப் பொண்ணு ஒண்ணு அப்படிப் போயிருந்தா என்ன செஞ்சிருப்போம்? நான் சொல்ல வேண்டாம், ஒனக்கே தெரியும்.

பாபநாசத்துக்கு மேல காரையாறு போயிருக்கேல்ல, சொரிமுத்து அய்யனார் கோயில்? ஆடி அமாவாசைக்கு லச்சம் சனம் கூடும். அங்கதான் பட்டவராயன் சன்னிதி. காணிக்கை என்ன தெரியுமா? தோல் செருப்பு. ஜோடி ஜோடியாக் கொண்டாந்து வைப்பாக. சாமி ராத்திரியில போட்டுக்கிட்டு நடக்குதுன்னு நம்பிக்கை. அடி தேஞ்சிருக்கு பாருன்னு காட்டுவாக. நானே கும்பிட்டுட்டு வந்திருக்கேன். செருப்புத் தைச்சவனுக்குச் செருப்பைக் காணிக்கை வச்சுக் கன்னத்துல போட்டுக்கிட்ட அதே சனம், ஊருக்குத் திரும்பி வந்தா, கீழத்தெரு ஆளு மேலத்தெரு வழியாச் செருப்புப் போட்டு நடந்தா ஏன்டான்னு கேக்கும். பழைய கதைம்ப. 2023 டிசம்பர்ல திருப்பூர் மாவட்டத்து ராஜாவூருல, ஒரு தெருவுல பட்டியல் சாதி சனம் செருப்புப் போட்டு மொதத் தடவையா நடந்தாகன்னு பேப்பர்ல சேதி வந்துச்சு. நடந்ததே சேதி! நெலாவுல சந்திரயான் எறங்கினதும் அதே வருசந்தான்.

அதனால விமோசனத்தைப் பத்தி எனக்கு நீ கேள்வி போட வேண்டாம். நம்மகிட்ட ஏற்கெனவே ஒண்ணு ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. உசுரோட இருக்கும்போது வெட்டுவோம். செத்த பெறகு பீடம் போடுவோம். நாப்பத்தொரு நாள் விரதம், மஞ்சப்பால், பொங்கல், வில்லு. வெட்டினவன் பேரனும் வெட்டுப்பட்டவன் பேரனும் ஒரே சாமிக்கு நேந்துக்கிடுவாக. திருநீறு மட்டும் தனித்தனித் தட்டுல. அதுலயும் கதையைச் சும்மா விட்டோமா? பொம்மக்காவும் திம்மக்காவும் நெசத்துல பிராமணக் குழந்தைக, காட்டுல கெடந்ததை வாலப்பகடை எடுத்து வளத்தாருன்னு பின்னால ஒரு திருப்பம் வச்சுட்டாக. மதுரை வீரனையும் காசி ராசா மகனாக்கினோம்ல? நெல்லையிலயும் குமரியிலயும் ஊர் ஊராப் போயிக் கதைப்பாட்டு தேடின நா. வானமாமலை இந்தக் களவாணித்தனத்தையெல்லாம் அந்தக் காலத்துலயே எழுதி வச்சிட்டாரு.

இப்ப ஒன் புஸ்தகத்துக்கு வாரேன். இதை எழுதுறவுகளோட குத்தம் என்ன? இவுக சாகல. பீடத்துல ஏறச் சொன்னா மாட்டேன்னுட்டு, பீடத்துக்கு எதுக்க வந்து நின்னுக்கிட்டு, 'எங்க பாட்டனை வெட்டினது யாரு, பேரைச் சொல்லு'ங்கிறாக. நாகர்கோவில்ல என்.டி. ராஜ்குமார்னு ஒருத்தரு. மாந்திரீகம் தெரிஞ்ச குடும்பத்து வழியில வந்தவரு. 'ஒடக்கு', 'ரத்த சந்தனப் பாவை'ன்னு புஸ்தகம் போட்டிருக்காரு. பேய் ஓட்டுற மந்திரத்துக்குள்ள பூந்து வந்து, பேய் யாருன்னு நம்மளையே காட்டுறாரு. பாடவும் செய்வாரு. கேட்டா நெஞ்சு திக்குங்குது. ஏன்னா அந்த மெட்டெல்லாம் நம்ம கொடையில கேட்டதுதான், சேதி மட்டும் நம்மளைத் தேடி வந்திருக்கு. புதுச்சேரி மாலதி மைத்ரி ஒரு தொகுப்புக்கு 'நீலி'ன்னே பேரு வச்சாக. நீலி யாரு? நம்பிப் போன எடத்துல கொலையான பொம்பளை. அவளுக்கும் இசக்கியம்மனுக்கும் நாம தொட்டில் கட்டுவோம், வளையல் போடுவோம். புள்ளை வரம் கேப்போம். அவ ஏன் செத்தான்னு கேக்குறது மட்டும் கொடை வழக்கத்துல இல்ல. அதைத்தான் இந்தக் கவிதைக கேக்குது. ஒனக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு வேர்த்ததுக்குக் காரணம் வேற ஒண்ணுமில்ல. சாமி எறங்கி வந்து வாக்குச் சொல்லாம, விசாரணை பண்ண ஆரம்பிச்சிருச்சு.

சாவுக்குத்தான் மரியாதைங்கிறது கொடையோட நிக்கல. பாரதியைப் பாரு, நம்ம எட்டயபுரத்தாரு. 1921ல செத்தப்ப சுடுகாட்டுக்குப் போன கூட்டம் இருபது பேரு தேறலைன்னு எழுதி வச்சிருக்காக. 1947ல எட்டயபுரத்துல மணிமண்டபம் தெறந்தப்ப கூட்டம் தாங்கல. எங்க ஐயா போயிட்டு வந்து ஒரு மாசம் அந்தக் கூட்டத்தைப் பத்தியே பேசுவாராம். சாக்கடைக்குள்ள எறங்கிச் சாகுறவுகளைப் பாரு. மனுசக் கழிவை மனுசன் அள்ளக் கூடாதுன்னு 1993ல ஒரு சட்டம், 2013ல ஒரு சட்டம். செத்தா பத்து லச்சம்னு 2014ல சுப்ரீம் கோர்ட்டு சொல்லுச்சு, 2023ல முப்பது லச்சமாக்குச்சு. உசுரோட இருக்கிறவருக்குக் கையுறைக்கு அலைய வேண்டியிருக்கு. அந்தப் பொழப்பைப் பத்தி யாராச்சும் கவிதையில எழுதினா, 'சீ, இதையெல்லாமா எழுதுறது'ன்னு மூக்கைப் பொத்துவோம். ராணிப்பேட்டைப் பக்கம் பள்ளிக்கூட டீச்சரு சுகிர்தராணி, பெண்ணாவும் தலித்தாவும் ரெண்டு பக்கமும் அடிபட்டு எழுதுறவுக. 2021ல டெல்லி யுனிவர்சிட்டி பாடத்துல இருந்த அவுக கவிதைகளை எடுத்துட்டாக. பாமா எழுத்தையும் மகாசுவேதா தேவி எழுத்தையும் சேத்தே எடுத்தாக. டெல்லிப் பிள்ளைகளுக்கும் ராத்திரி தூக்கம் முக்கியம்ல? 2023ல ஒரு பத்திரிகைக் குழுமம் விருது குடுக்க வந்துச்சு. பணம் போடுறது அதானி குழுமம்னு தெரிஞ்சதும் வேண்டாம்னு திருப்பிட்டாக. பொன்னாடையை வேண்டாம்னு சொல்ற ஆளை என்னய்யா செய்ய முடியும்? அதுதான் எல்லாருக்கும் சங்கடம்.

ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்காத. வர்றதெல்லாம் நல்ல கவிதைன்னு நான் சொல்ல மாட்டேன். ரத்தம், நிணம், யோனின்னு மூணு சொல்லை மாத்தி மாத்திப் போட்டு, ஒரு வரியை மூணாப் பிச்சு அடுக்கினவுக அநேகம் பேரு உண்டு. ஒன்னோட நாலாவது புஸ்தகம் அந்த வகைதான். நீ குளிக்கப் போனப்பவே பொரட்டிப் பாத்துட்டேன். பயமுறுத்துறது லேசு. எங்கயோ எவனோ அயோக்கியன்னு சொல்லிட்டுப் போறதும் லேசு. நல்ல கவிதை ஒன் வீட்டு முத்தத்தைச் சரியா அடையாளம் சொல்லும். அந்தத் தனி டம்ளரு எந்தச் சன்னல்ல கவுந்திருந்துச்சுன்னு சொல்லும்.

இதுல பெரிய வேலை பாத்தவரு கடலுக்கு அங்கிட்டு ஒருத்தரு, எம்.ஏ. நுஃமான். 1981ல யாழ்ப்பாண நூலகத்தை எரிச்சாக, ஏறக்கொறைய 97,000 புஸ்தகம். அதுக்கு அவரு எழுதின கவிதை 'புத்தரின் படுகொலை'. எரிச்சவன் கும்பிடுற சாமியையே எரியுற எடத்துக்குக் கொண்டுவந்து, உங்க கையால செத்தது அவருதான்னு காட்டுறாரு. நாம செத்தவனைச் சாமியாக்குறோம். அவரு சாமியைப் பொணமாக்கிக் காட்டினாரு. எனக்கென்னமோ எதிராளியைத் திட்டி எழுதின நூறு கவிதையும் இதுக்கு ஈடாகாதுன்னு படுது. அங்கயே புங்குடுதீவு சு. வில்வரத்தினம்னு ஒருத்தரு. சனமெல்லாம் வெளியேறிப்போன வெறும் ஊரைப் பாத்து எழுதினாரு. மொத்தக் கவிதையையும் சேத்து 2001ல போட்டப்ப வச்ச பேரு 'உயிர்த்தெழும் காலத்துக்காக'. 2006ல மனுசன் போயிட்டாரு. அந்தக் காலம் எந்த வருசம்னு யாரு சொல்ல முடியும்? நீ அதைத்தான் என்கிட்ட ராத்திரி ரெண்டு மணிக்குக் கேட்ட.

சர்க்காரு சும்மா இருந்துச்சுன்னு சொல்ல முடியாது. 1995ல நம்ம பக்கம் சாதிக் கலவரத்துல பத்தி எரிஞ்சுது, கொடியங்குளம் பேரு பேப்பரு பூராவும் அடிபட்டுச்சு. 97ல போக்குவரத்துக் கழகம் ஒண்ணுக்கு வச்ச பேரால திரும்பவும் கலவரம். ரோசனை பண்ணிப் பாத்தாக. தலைவருங்க பேரு இருந்தாத்தான தகராறுன்னு, எல்லாப் பேரையும் பஸ்ஸுலேர்ந்தும் மாவட்டத்துலேர்ந்தும் எடுத்துட்டாக. கட்டபொம்மன் மாவட்டம் திருநெல்வேலி ஆச்சு. சிதம்பரனார் மாவட்டம் தூத்துக்குடி ஆச்சு. காமராசர் மாவட்டம் விருதுநகர் ஆச்சு. பெயிண்டருங்களுக்கு நல்ல கூலி. கடுதாசியில மட்டும் ரொம்ப நாளைக்குப் பழைய பேருதான் வந்துக்கிட்டிருந்துச்சு. பஸ்ஸை விட்டு எறங்கின சாதி எங்க போச்சுங்க? பள்ளிக்கூடத்துப் பையன் மணிக்கட்டுல ஏறிக்கிடுச்சு. 2023 ஆகஸ்டுல நாங்குநேரியில, நல்லாப் படிக்கிற ஒரு பையனை, கூடப் படிச்ச பசங்களே வீடு பூந்து வெட்டினாக. மறிக்க வந்த தங்கச்சிக்கும் வெட்டு. நீதிபதி சந்துரு தலைமையில ஒரு கமிட்டி போட்டாக. 2024 ஜூன்ல அறிக்கை குடுத்தாரு. கலர்க் கயிறு வேண்டாம், சாதி காட்டுற மோதிரம் வேண்டாம், பொட்டு வேண்டாம்னு.

அந்த வலது கையைக் கொஞ்சம் நீட்டு. ம். இந்தக் கயிறு எப்பக் கட்டினது? போன கொடைக்கா? ரெண்டு கலரும் சாயம் போகாம நல்லாத்தான் இருக்கு, நூலு கெட்டி. கம்பெனியில கேட்டா என்ன சொல்லுவ, சாமிக் கயிறும்பியா? இந்தக் கையிலதான ராத்திரி புஸ்தகத்தைப் புடிச்சிருந்த. அப்பக் கயிறு பக்கத்து மேல ஒரசியிருக்குமே. கழட்டச் சொல்லலைய்யா, ஏன் பதறுத? உங்க அம்மா பாத்தா என்னைத்தான் திட்டுவா. எனக்கு வெத்தலைக்குச் சுண்ணாம்பு வேணும், அதுக்குத்தான் கையை நீட்டச் சொன்னேன்.

ஒன்னையச் சொல்லிக் குத்தமில்ல. கவிதை படிச்சு அழுதா பாவம் போயிரும்னு ஒரு நெனப்பு படிச்சவுகளுக்கெல்லாம் வந்திருச்சு. ராமேஸ்வரத்துல இருபத்திரெண்டு தீர்த்தத்துக்கும் டிக்கெட் எடுத்து, வாளித் தண்ணியைத் தலையில வாங்கிட்டு, ஈரம் காயுறதுக்குள்ள ஊருக்குப் பஸ் ஏறுற கணக்கா, நாலு புஸ்தகம், நாலு சொட்டுக் கண்ணீரு, பேஸ்புக்குல ஒரு பதிவு. தொடச்சாச்சு. நீ அழுததுல யாருக்கு என்ன வந்துச்சு? பட்டவராயனுக்கு உங்க ஆச்சி அழாத அழுகையா?

இம்புட்டும் பேசிட்டு ஒரு வழியும் சொல்லாமப் போனா மாமன் இல்ல. கேளு. வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்குக் கோயில் மடத்துல கணக்குக் கூட்டம். அடுத்த வருசக் கொடைக்குத் தலைக்கட்டு வரி எழுதுவாக. அந்த நோட்டை எத்தனையோ வருசமா நான் பாத்துக்கிட்டிருக்கேன். மேலத்தெரு, நடுத்தெரு, பட்டணத்துல இருக்கிறவுக, துபாய்க்காரன் பேரு எல்லாம் இருக்கும். கீழத்தெருவுல ஒரு தலைக்கட்டு கூட இருக்காது. பந்தக்கால் குழி வெட்டுறது அவுக, மேளம் அவுக, மறுநாள் எச்சில் எலை அள்ளுறதும் அவுக. வரி குடுக்க வந்தா மட்டும், 'கஷ்டப்பட்ட சனம், நாங்க வாங்க மாட்டோம்'னு ரொம்ப எரக்கமாச் சொல்லிருவாக. வாங்கினா என்ன ஆகும்னு எல்லாருக்கும் தெரியும். வரி குடுத்தவன் கணக்குக் கேப்பான். பெறகு பரிவட்டம் கேப்பான். பெறகு சப்பரம் எங்க தெருவுக்கும் வரட்டும்பான்.

நீ எந்திரிச்சு ஒரே ஒரு கேள்வி கேளு. 'கீழத்தெருவுல இந்த வருசம் தலைக்கட்டுக்கு எம்புட்டு?' அம்புட்டுத்தான். எம்புட்டுன்னு மட்டும் கேளு, ஏன் வாங்கலைன்னு கேக்காத. ஏன்னு கேட்டா ஆளாளுக்கு வரலாறு பேசுவான்; எம்புட்டுன்னு கேட்டா நோட்டைப் பாத்துத்தான் ஆகணும். புஸ்தகத்தைக் கையில கொண்டாந்துராத. 'பட்டணத்துல படிச்சுக் கெட்டுட்டான்'னு ரெண்டு நிமிசத்துல முடிச்சிருவாக. வரி கட்டுறவன்ங்கிற முறையில கேளு. ஒன் பேருல ஐயாயிரம் எழுதியிருக்கு, நான் பாத்தேன். நானும் வருவேன். தூண் பக்கத்துல உக்காந்து வெத்தலை போட்டுக்கிட்டிருப்பேன். பேச மாட்டேன், பல்லு இல்லாதவன் பேசினா யாருக்கு வெளங்கும்? ஆனா ஒனக்கு எதுக்க யாராச்சும் வாயைத் தெறந்தா, அவன் தாத்தன் எந்தெந்த வருசம் யாரு யாருக்கு என்ன கடுதாசி எழுதினான்னு எனக்கு ஞாபகம் இருக்குங்கிறது அவனுக்கும் தெரியும்.

வாசல் பக்கமா உக்காரு. செருப்பைத் தூரப் போட்டுறாத, காலுக்கு எட்டுற தூரத்துல வச்சுக்கோ. ஓட வேண்டி வந்தா வெறுங்கால்ல இந்தக் கருவமுள்ளுல ஓட முடியாது.